வாசலில் தொடங்கும் பயணம்: அடுத்த சவாலில் கிலோமீட்டரை எண்ணுவதா, நாட்களை எண்ணுவதா?

#1 ஒத்தையடிப்பாதை

நண்பர்களே, வணக்கம். போன வருடச் சவால் முடிந்து குறிப்பேட்டை மூடும்போது ஒரு விஷயம் மனதை உறுத்தியது. அதைப் பேசித் தீர்க்காமல் அடுத்ததைத் தொடங்க எனக்கு மனமில்லை.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் முழுக்க, இன்ஜின் இல்லாமல் சொந்த உடம்பின் பலத்தில் போகிற தூரத்தையெல்லாம் கணக்கு வைத்தோம். வேலைக்கும் படிப்புக்கும் கடைக்கும் நடந்தோ சைக்கிளிலோ போய் வருவது ஒரு பக்கம். மலை, காடு, ஆறு, கடற்கரை என்று வெளியே சுற்றுவது இன்னொரு பக்கம். இரண்டையும் கிலோமீட்டராகக் கூட்டி மாதாமாதம் பட்டியல் போட்டோம்.

முதல் மாதம் குறிப்பேட்டில் எழுத இடம் போதவில்லை. மூன்றாவது மாதம் பாதிப் பேரைக் காணோம். ஆறாவது மாதத்தில் பட்டியலின் மேல்பக்கம் இருந்த நாலைந்து பேர் மட்டுமே ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தோம். அந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன். நாங்கள் சவால் இல்லாவிட்டாலும் சைக்கிள் ஓட்டியிருப்போம். யாரை வெளியே கூட்டிவர இதைத் தொடங்கினோமோ அவர்கள்தான் முதலில் போனார்கள்.

அதனால் இந்த முறை விதியை மாற்ற நினைக்கிறேன். மாதத்தில் பத்து நாளாவது அன்றாட வேலை எதற்காவது சொந்தக் காலில் போய் வர வேண்டும். அப்புறம் மாதம் ஒரு தடவை, வீட்டு வாசலில் கிளம்பி, இன்ஜின் இல்லாமல் ஒரு திறந்தவெளிக்குப் போய், அங்கே சூரியன் மறைவதையோ உதிப்பதையோ பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரவு தங்கினால் இன்னும் நல்லது. தூரத்துக்குக் கணக்கு இல்லை.

என்ன சொல்கிறீர்கள்?

#2 நெடுந்தூரன்

எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி சம்மதமில்லை.

நாளை எண்ணலாம், சரி. ஆனால் தூரத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் சவால் என்ற சொல்லுக்கு என்ன மிச்சம்? நான் இந்தப் பக்கம் வந்ததே பிரவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களால்தான். 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணிக்குள், 400-ஐ 27 மணிக்குள், 600-ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். உச்சியில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இருக்கிறது. 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது, இன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் நெடும்பயணம். சுமார் 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். என் முதல் 600-ல் இரண்டாவது இரவு மூன்று மணிக்குச் சாலையோரம் உட்கார்ந்து, இனி முடியாது என்று அழுதேன். விடிந்ததும் எழுந்து ஓட்டி முடித்தேன். அந்த விடியலை எனக்குக் கொடுத்தது அந்த எண்தான். '600' என்று எழுதியிருக்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். பிரவே பந்தயம் இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதம் அதில் கிடையாது. வழியில் முத்திரை வாங்க வேண்டிய கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு மூடும் நேரம் இருப்பதுபோல் திறக்கும் நேரமும் உண்டு. அதற்கு முன்னால் போய் நின்றாலும் முத்திரை கிடைக்காது. போன வருடம் நம்மைக் கெடுத்தது பட்டியல் போட்டு வரிசைப்படுத்தியதுதான். தூரத்தின்மேல் பழி போடாதீர்கள்.

#3 மழைமேகம்

மூன்றாவது மாதம் காணாமல் போனவர்களில் நான் ஒருத்தி. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் வேலையிடம் மூன்றரை கிலோமீட்டர். போக வர ஏழு. மாதம் இருபது நாள் ஓட்டினால் 140 கிலோமீட்டர். நெடுந்தூரன் ஐயா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தாண்டிவிடுவார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, அவருடைய பதிவுகளை விரும்பிப் படிப்பவள் நான்.

ஆனால் அந்த இருபது நாளும் என்னவாக இருந்தன தெரியுமா? காலையில் பின்கேரியரில் மகளை உட்காரவைத்து, அவள் பள்ளிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டி, வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பேன். மழை வருமா வராதா? வருமென்றால் மாற்றுச் செருப்பு ஒரு பையில், மாற்று உடை இன்னொரு பையில். மழை பிடித்த ஒரு நாள் கேரியரிலிருந்து மகள் தன் குடையை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே வந்தாள். காற்றில் குடை திரும்பி என் கண்ணை மறைத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். இருவரும் முழுக்க நனைந்துவிட்டோம். அவள் அன்று முழுக்க அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது பெயர் என்னுடையது. கோபம் வரவில்லை. 'சரி, இது நமக்கான இடம் இல்லைபோல' என்று தோன்றியது, அவ்வளவுதான். அடுத்த மாதம் எழுதவில்லை. சைக்கிளை நிறுத்தவில்லை, எழுதுவதை மட்டும் நிறுத்தினேன். எழுதுவதை நிறுத்திய பிறகு, மெல்ல மெல்ல மழை நாட்களில் சைக்கிளும் நின்றது.

நாளை எண்ணினால் நான் திரும்ப வருகிறேன்.

#4 முன்விளக்கு

மழைமேகம், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் திரும்ப வந்ததில் சந்தோஷம்.

இந்த மாதிரிச் சவால்கள் உலகத்தில் எப்படி நடக்கின்றன என்று நான் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். நீண்ட காலம் தாக்குப்பிடித்தவை பலவும் நாளைத்தான் எண்ணுகின்றன. சுவிட்சர்லாந்தில் வேலைக்குச் சைக்கிளில் போகும் சவாலில் நாலு பேர் வரை சேர்ந்து ஒரு அணி. வேலை நாட்களில் பாதியாவது சைக்கிளில் வந்தால் போதும். டென்மார்க்கில் இதேபோன்ற ஒன்று 1997-லிருந்து நடக்கிறது, அதுவும் அணி அணியாகத்தான். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2010-ல் தொடங்கிய ஏப்ரல் மாதச் சவாலுக்கு இருப்பது ஒரே உறுதிமொழி: முப்பது நாளும் சைக்கிளில் ஏற வேண்டும். தெருக்கோடி வரை போய்த் திரும்பினாலும் அந்த நாள் கணக்கில் சேரும். பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு வீட்டு வேலைகளைச் சைக்கிளில் முடிக்கச் சொல்லும் சவால்கூட உண்டு. நூலகம், தபால், மருந்து வாங்குவது என்று வகை வகையாகப் பிரித்திருப்பார்கள்.

ஜெர்மனியில் 2008-லிருந்து ஊர் ஊராக நடக்கும் 21 நாள் சவால் கிலோமீட்டரைத்தான் எண்ணுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே தூரம் அணிக்கும் ஊருக்கும் சேர்கிறது. உங்கள் ஏழு கிலோமீட்டர் உங்கள் ஊரின் கணக்கை ஏற்றும், உங்களைக் கடைசியில் நிறுத்தாது.

நாளை எண்ணுவது ஏன் வேலை செய்கிறது? கஷ்டமான இடம் ஐந்தாவது கிலோமீட்டர் இல்லை, வாசல்தான். சைக்கிளை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று நிற்கிற அந்த அரை நிமிடம். எடுத்துவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். எந்த விதி அந்த அரை நிமிடத்தில் கை கொடுக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டியது.

எண்களைப் பற்றி ஒன்று. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது மருத்துவத்தில் பிறந்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான். அந்தப் பெயர்தான் ஊரெல்லாம் பரவியது. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலைப் பயணத்தை ஆராய்ந்து 2017-ல் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 41 சதவீதம் குறைவாக இருந்தது. அது காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. ஆனாலும் அந்த ஆய்வு பார்த்தது வேலைக்குப் போய் வரும் சாதாரண ஓட்டத்தை. மழைமேகத்தின் ஏழு கிலோமீட்டர் அந்த ரகம்தான்.

#5 எதிர்க்காற்று

என் வேலையிடம் 22 கிலோமீட்டர். வழியில் பாதி தூரம் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை. முழுக்க ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை, வீட்டிலும் விட மாட்டார்கள். ரயில் நிலையம் வரை ஐந்து கிலோமீட்டர் ஓட்டுகிறேன், அங்கிருந்து ரயில், இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. இன்ஜின் இல்லாமல் என்றால் நான் சேர முடியாதா?

#6 ஒத்தையடிப்பாதை

கண்டிப்பாகச் சேரலாம். நீங்கள் கேட்டது நல்லதாய்ப் போயிற்று, நான் எழுதிய விதியில் அந்த ஓட்டை இருந்தது. ரயிலுக்கும் பேருந்துக்கும் முன்னும் பின்னும் நடந்தாலோ ஓட்டினாலோ அந்த நாள் நாள்தான். நெடுஞ்சாலையில் உயிரைப் பணயம் வைத்து முழு நாள் கணக்குச் சேர்க்க வேண்டாம்.

மின்மோட்டார் உதவும் சைக்கிள் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். மூட்டு வலி, ஏற்றமான ஊர், கூடவே குழந்தை. மிதித்தால் மட்டும் உதவுகிற மோட்டார் என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே ஓடுகிறது என்றால் அது மோட்டார் வண்டி.

#7 கைமிதி

இழை தொடங்கியதிலிருந்து படித்து வருகிறேன். என் முதுகுத்தண்டு அடிபட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. நான் ஓட்டுவது கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டி. வெளியே போவதென்றால் எனக்கு உயிர்.

விதியில் 'சொந்தக் காலில்' என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கத்தில் சொல்வதுதான், நான் தப்பாக எடுக்கவில்லை. 'சொந்த பலத்தில்' என்று மாற்றினால் நானும் உள்ளே வந்துவிடுவேன்.

எனக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இங்கே பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஏற்றம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, காட்சி எப்படி என்று அழகாக எழுதுகிறீர்கள். வழியில் கம்பிக்கதவு இருந்ததா, மோட்டார் வண்டி நுழையாமல் இருக்க ஊன்றிய கல்தூண்களுக்கு நடுவே எத்தனை சென்டிமீட்டர், படிக்கட்டு எத்தனை, தரை மணலா சரளையா என்று யாரும் எழுதுவதில்லை. உங்களுக்கு அது கண்ணிலேயே படாது, சைக்கிளைச் சாய்த்து நுழைத்துவிடுவீர்கள். நான் ஒருமுறை ஒன்பது கிலோமீட்டர் கையால் மிதித்துப் போய், ஏரி கண்ணெதிரே தெரிகிற இடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே சக்கரம் நுழையாமல் திரும்பி வந்தேன். தண்ணீர் நூறு அடியில் இருந்தது.

குறிப்பு எழுதும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்தால் எனக்குப் பெரிய உதவி. குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் பயன்படும்.

#8 புதுச்செயின்

நான் புதிது. பழைய சைக்கிள் ஒன்றைத் தூசி தட்டி, செயினை மாற்றி, மூன்று வாரமாகக் கல்லூரிக்கு ஓட்டுகிறேன். அந்தப் பத்து நாள் விஷயம் எனக்குச் சுலபம். சூரியன் மறைவதைப் பார்ப்பதுதான் பயமாக இருக்கிறது. மறைந்த பிறகு இருட்டில் திரும்ப வேண்டுமே? பஞ்சரானால் என்ன செய்வது? இரவு தங்குவதென்றால் யோசிக்கவே முடியவில்லை. வெளியே ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை நான். என்னைப்போன்ற பெண்கள் தனியாகப் போகிறீர்களா?

#9 மழைமேகம்

புதுச்செயின், தங்கச்சி, பயம் நியாயமானது. பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நான் எப்படிப் போனேன் என்று சொல்கிறேன்.

பிரிட்டனைச் சேர்ந்த பயணி அலஸ்டர் ஹம்ஃப்ரிஸ் 'மைக்ரோ அட்வென்ச்சர்' என்று குட்டிச் சாகசங்களைப் பரப்பியவர். உலகத்தைச் சைக்கிளில் சுற்றி வந்தவர் அவர். அவர் சொல்வது இதுதான்: வேலை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்றால், மாலை ஐந்திலிருந்து மறுநாள் காலை ஒன்பது வரை பதினாறு மணி நேரம் நம்முடையது. அதற்குள் ஒரு குன்றில் தூங்கி எழுந்து வேலைக்கு வந்துவிடலாம். படித்தபோது, இது குடும்பம் இல்லாதவர்களுக்கு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, தோழிகள் இரண்டு பேரோடு கிளம்பினேன்.

பதினொரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு குன்று. நிலத்துக்காரரிடம் முந்தின வாரமே போய்க் கேட்டிருந்தோம். "தாராளமாகத் தங்குங்கள், நெருப்பு மட்டும் மூட்டாதீர்கள்" என்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. முதல் தடவைக்கு அது ரொம்ப முக்கியம், படுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தார்ப்பாய் விரித்துத் தூங்குபையில் படுத்தோம். காற்று இதமாக இருந்தது, ஆனால் நள்ளிரவுக்கு மேல் முதுகு விறைத்துப் போனது. குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தரைதான் உடம்புச் சூட்டை இழுக்கிறது. எழுந்து, காய்ந்த உடைகள் எல்லாவற்றையும் முதுகுக்குக் கீழே பரப்பிய பிறகுதான் தூக்கம் வந்தது. இப்போது எது மறந்தாலும் நுரைப்பாய் மறக்காது. விடியற்காலை தூங்குபையின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. கையால் தடவினால் கோடு விழுந்தது. கீழே ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அத்தனை வருடம் நான் குடியிருந்த ஊரை அப்படிப் பார்த்ததே இல்லை.

தனியாகப் போவதா என்று கேட்டாய். முதல் நாலைந்து தடவை தனியாகப் போகாதே. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல், இத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் தேடச் சொல். இங்கே எழுதுவதைத் திரும்பி வந்த பிறகு எழுது. போகும் முன்னால் 'இன்று இரவு இங்கே இருப்பேன்' என்று பொதுவில் போடாதே. செயலியில் பாதையைப் பகிர்ந்தால், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடு. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தினமும் ஒன்றாக இருந்தால் யாருக்கும் உன் வீடு தெரிந்துவிடும்.

இரவு தங்கத்தான் வேண்டும் என்றில்லை. விடியற்காலையைத் தேர்ந்தெடு. இருட்டில் கிளம்பினாலும் போகப் போக வெளிச்சம் கூடும். மனசுக்கு அது பெரிய வித்தியாசம்.

#10 முன்விளக்கு

மழைமேகம் சொன்னதோடு ஒரு வார்த்தை: முன்விளக்கு நீ பார்ப்பதற்கு, பின்விளக்கு உன்னைப் பார்ப்பதற்கு. இப்போதைக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், இரண்டும் கைக்கு வரும்வரை இருட்டில் இறங்காதே. கணுக்காலில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டிக்கொள். மிதிக்கும்போது அது மேலும் கீழும் ஆடும், பின்னால் வருகிறவர் கண்ணில் உடனே படும்.

#11 நெடுந்தூரன்

இரண்டு நாளாக யோசித்தேன். மழைமேகம் எழுதியதில் 'எழுதுவதை நிறுத்திய பிறகு சைக்கிளும் நின்றது' என்ற வரி என்னை விடவில்லை. போன வருடம் பட்டியலைப் போட்டவன் நான்தான். மன்னியுங்கள் அம்மா.

நாட்களையே எண்ணுவோம். ஆனால் வாசலிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். சைக்கிளைக் காரில் ஏற்றி மலையடிவாரத்தில் இறக்கி, இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பவும் காரில் ஏற்றுவது என்னைப்போன்றவர்களிடம் வழக்கமாகிவிட்டது. அது தப்பில்லை, ஆனால் இது வேறு சவால்.

சுவீடனின் யோரான் க்ரோப்பை நினைத்துக்கொள்வேன். 1995 அக்டோபரில் சுவீடனில் சைக்கிள் ஏறி, தன் சாமான்களைத் தானே இழுத்துக்கொண்டு நேபாளம் வரை ஓட்டி, எவரெஸ்டில் கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறியவர். 1996 மே மாத முதல் முயற்சியில் உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் இருக்கும்போது திரும்பிவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, உச்சியைத் தொட்டால் இருட்டில் இறங்க வேண்டும். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்தவர் நூறு மீட்டரை விட்டுவிட்டு இறங்கினார். அதே மாதம் 23-ம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். திரும்பிப் போகும் வழியிலும் ஒரு பகுதி சைக்கிள்தான். அவருக்கு முன்னால் 1990-ல் ஆஸ்திரேலியாவின் டிம் மக்கார்ட்னி-ஸ்னேப் வங்கக்கடலில் கால் நனைத்து, அங்கிருந்து நடந்தே போய் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்.

இவர்களுக்கு உச்சி எவ்வளவு முக்கியமோ வழியும் அவ்வளவு முக்கியம். நமக்கு எட்டுக் கிலோமீட்டரில் ஒரு குன்று. வாசலிலிருந்து அதுவரை ஒவ்வொரு மேட்டையும் நம் தொடை அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூங்காக்களில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன் 2004 அக்டோபரில் லண்டனில் 13 பேரோடு தொடங்கியது. அங்கே எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். அதனால் ஓட வந்தவர் எவரும் கடைசியாக முடிப்பதில்லை. கூட்டாகப் போகும் நாட்களில் அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்.

#12 எதிர்க்காற்று

நெடுந்தூரன் ஐயா, நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்றால் நான் தைரியமாக முன்னால் போவேன்.

ஒரு யோசனை. குறிப்பேட்டில் நாளோடு சேர்த்து, அன்று வழியில் பயந்த இடம் ஒன்றையும் எழுதலாமா? பள்ளம், விளக்கில்லாத திருப்பம், பேருந்து ஓரங்கட்டுகிற இடம். தனித்தனியாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே சந்திப்பைப் பத்துப் பேர் மூன்று மாதமாக எழுதியிருந்தால், அதைக் கொண்டுபோய் நகராட்சியில் காட்டலாம். கொலம்பியாவின் போகோட்டாவில் 1974-ல் கொஞ்சம் சாலையை மூடித் தொடங்கியதுதான், இன்று ஞாயிறும் விடுமுறை நாளும் நூறு கிலோமீட்டருக்கு மேல் காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விடுகிறார்கள். பார்சிலோனாவில் 2021-லிருந்து பெற்றோர்கள் குழந்தைகளோடு கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள், 'சைக்கிள் பேருந்து' என்று பெயர். ஒருவர் இருவராகப் போனால் கண்ணில் படாதவர்களைக் கூட்டமாக வரும்போது கார்கள் கவனிக்கின்றன. மழைமேகம் மகளின் பள்ளி வழியில் இதைத் தொடங்கினால் வாரம் ஒருநாள் நான் கூட வருகிறேன். ரயிலுக்கு அரை மணி முன்னால் கிளம்பினால் போதும்.

#13 மழைமேகம்

வியாழக்கிழமை? ஏழரை மணிக்கு எங்கள் தெருமுனையில். இப்போதைக்கு மூன்று குழந்தைகள்.

#14 எதிர்க்காற்று

வந்துவிடுகிறேன்.

#15 புதுச்செயின்

போய்வந்துவிட்டேன்! எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா சொன்னபடி விடியற்காலை, என் வகுப்புத் தோழியோடு. நாலே முக்காலுக்குக் கிளம்பினோம், ஏழு கிலோமீட்டர். மூன்றாவது கிலோமீட்டரில் பின் டயர் பஞ்சர். நெஞ்சு படபடத்தது. இரண்டு நாள் முன்னால்தான் வீட்டில் டியூபைக் கழற்றி மாட்டிப் பழகியிருந்தேன். தோழி விளக்கைப் பிடித்தாள், நான் மாற்றினேன், பெருமையாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் திரும்பவும் காற்று இறங்கிவிட்டது. கையில் வேறு டியூப் இல்லை. தோழியின் சைக்கிள் சக்கரம் என்னுடையதைவிடச் சின்னது, அவளுடைய டியூபும் ஆகாது.

உட்கார்ந்து யோசித்தேன். டியூப்தான் புதிது, டயர் அதேதானே? டயரைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனேன். பாதிச் சுற்றில் சுருக்கென்றது. முள் முனை, அரிசி மணியில் பாதிகூட இல்லை. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நகத்தால் நெம்பி எடுத்தேன். பழைய டியூபுக்கு ஒட்டுப் போட்டு, வெளுக்கத் தொடங்கியிருந்த வானத்துக்குக் கீழே காற்றடித்தோம். இருநூறு முறை பம்பு அடித்திருப்பேன்.

குன்றுக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. சூரியன் உதித்தபோது நாங்கள் ஒரு வயல்வெளிச் சாலையில்தான் இருந்தோம். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தோம். கையெல்லாம் செயின் கறுப்பு. எதிரே ஒரு வாய்க்கால் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

இது கணக்கில் சேருமா? குன்று வரை போகவில்லை.

#16 ஒத்தையடிப்பாதை

சேரும். விதியில் திறந்தவெளி என்றுதான் இருக்கிறது, குன்று என்று இல்லை. இந்தச் சவாலின் முதல் பதிவு உன்னுடையது.

எல்லோரும் சொன்னதை வைத்து விதியைத் திருத்தி எழுதிவிட்டேன். சொந்த பலத்தில், காலோ கையோ, மாதம் பத்து நாள் அன்றாடப் பயணம். ரயில், பேருந்துக்கு முன்னும் பின்னும் போவதும் சேரும். மிதித்தால் உதவுகிற மோட்டார் சேரும். மாதம் ஒரு தடவை வாசலில் கிளம்பி ஒரு உதயமோ அஸ்தமனமோ. பட்டியல் கிடையாது, வரிசை கிடையாது. தூரம் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் கூட்டிப் போட மாட்டோம். உடல்நலமில்லாமலோ வீட்டுச் சூழ்நிலையாலோ ஒரு மாதம் விட்டுப்போனால் அடுத்த மாதம் சாதாரணமாகத் தொடரலாம். கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும், தங்குமிடத்துக்கு அனுமதி கேட்க வேண்டும், நெருப்பு வேண்டாம். குறிப்பில் இரண்டு வரி கட்டாயம்: வழியில் பயந்த இடம், வழியில் உள்ள கதவு, தூண், படி.

இரண்டாவது வரியை எழுதக் கற்றுக்கொள்ள நாளைக் காலை அளவுநாடாவோடு நானே கிளம்புகிறேன். கைமிதி, அந்த ஏரிக்குக் கிழக்குப் பக்கம் இன்னொரு வழி உண்டு, கரைமேல் போகும் மண்பாதை. அங்கேயும் ஒரு கம்பிக்கதவு இருப்பதாக ஞாபகம். உங்கள் வண்டிக்கு எத்தனை வேண்டும்?

#17 கைமிதி

82 சென்டிமீட்டர் இருந்தால் போதும். மழை பெய்து மண் குழைந்திருந்தால் முடியாது. காய்ந்த மண் என்றால் சமாளிப்பேன்.

#18 ஒத்தையடிப்பாதை

அளந்துவிட்டேன். கதவு 94. தரை காய்ந்திருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் பத்தடிக்கு மணல், அங்கே பின்னாலிருந்து ஒரு கை தள்ள வேண்டியிருக்கும். படி கிடையாது. தண்ணீர் வரைக்கும் போகலாம்.

#19 கைமிதி

ஞாயிறு அஸ்தமனத்துக்கு வருகிறேன்.

#20 நெடுந்தூரன்

நான் பின்னால் வருகிறேன். மணலில் தள்ள என் கை இருக்கும்.